ஐந்து தேசத்துப் பட்டையில் என் பாதி

அக்கா,

நேற்று ஃபிரிட்ஜை இழுத்து நகர்த்தியபோது அடியிலிருந்து ஒரு ஊதா மணி உருண்டு வந்து என் கால்விரலில் முட்டி நின்றது. பட்டாணியைவிடச் சின்ன பிளாஸ்டிக் மணி, மேலே ஐந்து வருடத்துத் தூசி. பிளெய்ன்ஸ்பரோ வீட்டைக் காலி செய்கிறோம். அவருக்கு வேலை போய் இரண்டு மாதம் ஆகிறது. டெக்சஸில் ஒரு நண்பர் ஏதோ பார்த்துத் தருகிறேன் என்கிறார், அதை நம்பித்தான் கிளம்புகிறோம். அபார்ட்மென்ட் ஆபீஸிலிருந்து வந்து மூலை முடுக்கெல்லாம் பார்ப்பார்கள் என்று துடைத்துக்கொண்டிருந்தவள், மணியைக் கையில் எடுத்ததும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் எட்டிப் பார்த்து, "என்னாச்சு கண்ணு, முதுகு புடிச்சுக்கிச்சா?" என்றார். "ஆமாங்க" என்றேன். எனக்கு எப்போதும் சுலபமான பதில்தான் வாயில் வரும். அது உங்களுக்குத் தெரிந்த அளவு இந்த ஊரில் வேறு யாருக்கும் தெரியாது.

நீங்கள் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. இதை எங்கே அனுப்புவது என்று தெரியாமல்தான் எழுதுகிறேன். அனுப்ப முடிந்த காலத்தில் ஒரு வரி எழுதவில்லை.

நம் ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு நினைவிருக்கிறதா? மறக்கக்கூடியவர் நீங்கள் இல்லை. அபார்ட்மென்ட் கம்யூனிட்டி ஹாலில் மடக்கு நாற்காலிகள், இருபத்திரண்டு பிள்ளைகள். பாதி எங்கள் கோயம்புத்தூர், மதுரைப் பக்கத்துக் குடும்பங்கள், பாதி உங்கள் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள். நீங்கள் வருவதற்கு முன் நான் போர்டில் எழுதிப் போடுவேன், பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள், பின்வரிசையில் இரண்டு பேர் தூங்குவார்கள். நான் தமிழில் கேட்டால் அவர்கள் ஆங்கிலத்தில் பதில் சொல்வார்கள். ஒரு வருடம் அப்படியே ஓட்டினேன்.

பிறகு நீங்கள் வந்தீர்கள். ஊரில் பத்து வருடம் டீச்சர், இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்புக்கு உதவியாளர். அந்த முதல் செப்டம்பரில் ஐந்து பழுப்பு உறைகளோடு வந்து மேஜையில் வரிசையாக வைத்தீர்கள். மோஹாக், ஒனைடா, ஒனண்டாகா, கயூகா, செனகா. நான் ஏதோ மருந்துப் பெயர் என்று நினைத்தேன். அவரும் மருந்துக் கம்பெனி கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தாரே, அந்தப் பழக்கம்.

"இரோக்வாய் ஆக்கள். வெள்ளைக்காரர் வர முன்னமே இருந்த பழங்குடியள். இங்கயிருந்து வடக்கால உள்ள மண் அவையின்ரதான். ஒருத்தரை ஒருத்தர் வெட்டிக்கொண்டு கிடந்த அஞ்சு தேசமும் ஆயுதத்தை ஒரு மரத்துக்குக் கீழ புதைச்சிட்டு ஒண்டாச் சேர்ந்தவை. பிள்ளையள் இதைப் பள்ளிக்கூடத்தில இங்கிலீஷில படிக்கினம். தெரிஞ்ச கதை. தெரிஞ்சதைத்தான் தமிழில சொல்லப் பயப்பிட மாட்டினம்" என்றீர்கள்.

உங்கள் நாலாம் வகுப்பில் கற்றுக்கொண்ட முறையை அப்படியே கொண்டுவந்திருந்தீர்கள். ஐந்து குழு, ஒவ்வொரு குழுவும் ஒரு தேசம். உறைக்குள் ஆளுக்கு ஒரு துண்டுக் காகிதம். ஒருத்திக்கு வீடு, ஒருத்தனுக்குச் சாப்பாடு, இன்னொருத்தருக்கு அம்மாக்கள் தலைவனைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம். யாருக்கும் முழுக்கதை தெரியாது. துண்டை மற்றவருக்குக் காட்டக் கூடாது, வாயால்தான் சொல்ல வேண்டும், தமிழில்தான் கேட்க வேண்டும். கடைசிப் பிள்ளைக்குப் புரியும் வரை அந்தக் குழு முடித்ததாகக் கணக்கில்லை.

செனகா குழுவில் கார்த்திக்கையும் சிந்துஜாவையும் வேண்டுமென்றே சேர்த்தீர்கள். கார்த்திக் இங்கேயே பிறந்தவன், தமிழ் காதில் ஏறும், வாயில் வராது. சிந்துஜா கொழும்பிலிருந்து வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது, ஆங்கிலம் வராது என்பதால் வாயையே திறப்பதில்லை. அன்றைக்கு அவள் கையிலிருந்த துண்டு இல்லாமல் அவன் குழு நகர முடியவில்லை. "ஜஸ்ட் ஷோ மீ" என்று காகிதத்தைப் பிடுங்கப் பார்த்தான். நீங்கள் தூரத்திலிருந்தே, "பறிக்கக் கூடாது. கேக்க வேணும்" என்றீர்கள். அவன் முகம் சிவந்து, கூரையைப் பார்த்து, கடைசியில், "நம்ம... நம்ம ஆளுங்க எங்க இருக்காங்க?" என்றான். "மேற்கு வாசல்ல. அஞ்சு தேசமும் ஒரு நீள வீடு மாதிரி, நாங்கள் மேற்கு வாசல் காவல்" என்றாள் சிந்துஜா. அவள் குரலை நான் கேட்டதே அன்றைக்குத்தான்.

அடுத்த வாரம் நாற்காலிகளை அவர்களுடைய சபை மாதிரி போட்டீர்கள். மோஹாக்கும் செனகாவும் ஒரு பக்கம், ஒனைடாவும் கயூகாவும் எதிர்ப்பக்கம், நடுவில் நெருப்புக்குக் காவலாக ஒனண்டாகா. ஒரு பக்கம் பேசி முடித்து எதிர்ப்பக்கத்துக்குக் கொடுக்க வேண்டும், அவர்கள் பேசி நடுவுக்கு. யாராவது ஒருவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றாலும் முதலிலிருந்து. கை தூக்கி எண்ணுவது கிடையாது. முதல் வழக்கு, வரும் வாரம் என்ன தீனி என்பது. முறுக்கு ஒரு கட்சி, டோனட் ஒரு கட்சி. நாற்பது நிமிடம். அப்பாக்கள் வாசலில் கார்ச் சாவியை ஆட்டிக்கொண்டு நிற்கிறார்கள், உள்ளே பிள்ளைகள் தொண்டை கட்டக் கட்டத் தமிழில் சண்டை போடுகிறார்கள். கடைசியில் பாப்கார்ன் என்று முடிவானது. அது யாருமே முதலில் கேட்காதது. நீங்கள் என் காதருகே, "பாரும், ஒருத்தரும் தோக்கேல்ல" என்றீர்கள். உங்களுக்கு என்னைவிட நாலு வயது கூட. 'நீர்' என்று உங்கள் ஊர் வழக்கத்தில் அன்றுதான் முதலில் அழைத்தீர்கள். சிநேகிதிகளைத்தான் அப்படி அழைப்பீர்கள் என்று சிந்துஜாவின் அம்மா பிறகு சொன்னார். எனக்கு இரண்டு நாள் தரையில் கால் பாவவில்லை.

பட்டை பின்னியது அந்தக் குளிர்காலத் தொடக்கத்தில். ஐந்து தேசமும் சேர்ந்ததற்கு அடையாளமாக அவர்கள் சிப்பி மணியில் பின்னிய பட்டையைப் போல. நமக்கு ஏது சிப்பி? கைவினைக் கடையில் ஊதாவும் வெள்ளையுமாகப் பிளாஸ்டிக் மணி வாங்கினோம். ஷூ பெட்டி மூடியில் நூல் கட்டி, ஊதா நிறத்தின் நடுவே வெள்ளையில் ஒரு மரம், இந்தப் பக்கம் இரண்டு சதுரம், அந்தப் பக்கம் இரண்டு சதுரம், எல்லாவற்றையும் இணைத்து ஒரு வெள்ளைக் கோடு. ஒவ்வொரு குழுவும் தன் சதுரத்தைத் தானே பின்னியது. மரத்தை ஒனண்டாகாப் பிள்ளைகள் மூன்று முறை பிரித்துப் பின்னினார்கள். ஹாலில் வைக்க இடமில்லை என்று அதை என் வீட்டில்தான் வைத்திருந்தோம், வகுப்பின் மற்ற சாமான்களோடு.

அந்த நவம்பரில்தான் உங்கள் அப்பா போனார். சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணம் மொத்தமும் ஒரே ராத்திரியில் கிளம்பி நடந்த அந்த வழியில், மழையில். உங்களுக்குத் தகவல் வந்து சேரவே இரண்டு வாரம் ஆனது. எங்கே எரித்தார்கள், எரித்தார்களா என்றுகூடத் தெரியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வகுப்புக்கு வந்தது தப்பு என்று நினைத்தேன். ஆனால் நீங்கள் ஆறாவது உறை ஒன்று கொண்டுவந்திருந்தீர்கள். இரோக்வாய் ஆட்களில் ஒரு பக்கத்தில் சாவு விழுந்தால் மறுபக்கத்தார் போய்த் தேற்றும் முறை. கண்ணீரைத் துடைக்க வேண்டும், அழுது அடைத்த காதைத் திறக்க வேண்டும், தொண்டை திறக்கத் தண்ணீர் கொடுக்க வேண்டும்.

"துக்கக்காரர் தன்ர கண்ணைத் தான் துடைக்கக் கூடாது. மற்றப் பக்கத்தார் வரவேணும். அதுதான் அவையின்ர சட்டம்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லும்போதே உங்கள் குரல் உடைந்துவிட்டது. கார்த்திக்தான் எழுந்தான். கிளீனெக்ஸ் டப்பாவோடு போய், "கண்ணத் தொடைக்கிறேன் ஆன்ட்டி" என்று துடைத்தான். சிந்துஜா காகிதக் கோப்பையில் தண்ணீர் கொண்டுவந்தாள். இருபத்திரண்டு பேரும் வரிசையில் வந்தார்கள். உங்கள் கண்ணை அத்தனை பேர் துடைத்து மூக்கெல்லாம் சிவந்துபோனது. அப்பாவுக்கு நடந்த ஒரே சடங்கு அதுதான் என்று போகும்போது சொன்னீர்கள். அன்று இரவு நான் என் வீட்டுக்காரரிடம், இந்த ஊருக்கு வந்து உருப்படியாக ஒன்று செய்திருக்கிறேன் என்று பெருமையடித்துக்கொண்டேன்.

அத்தோடு நிறுத்திக்கொள்ள முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

பொங்கல் விழா நெருங்கியது. வகுப்பை நடத்திய பெற்றோர் கமிட்டிக்குச் செய்யுள் ஒப்புவித்தல் போட்டி வேண்டும், முதல் மூன்று பேருக்குக் கப் வேண்டும். நீங்கள் போட்டி வேண்டாம், பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து ஐந்து தேசத்துக் கதையை நடத்தட்டும் என்றீர்கள். "சிவப்பிந்தியன் கதை அமெரிக்கன் ஸ்கூல்லயே சொல்லித் தர்றாங்களே, அதுக்கு எதுக்கு மேடம் தமிழ் கிளாஸ்?" என்று ஒருவர். "கப் இல்லேன்னா பசங்க எதுக்கு உழைக்கணும்?" என்று இன்னொருவர். பேச்சு வளர வளர உள்ளே கிடந்தது வெளியே வந்தது. யார் பாடப்புத்தகம், யார் உச்சரிப்பு, யார் பிள்ளைகள் அதிகம், யார் முதலில் வந்தவர். டிசம்பர்க் கூட்டத்துக்கு முந்தின நாள் போனில் என்னிடம் ஒன்றுதான் கேட்டீர்கள். நாடகம் வேண்டும் என்றுகூட இல்லை. "கை தூக்கி எண்ண வேண்டாம் எண்டு மட்டும் நீரும் சொல்லும். ஒரு மனம் ஆகும்வரைக்கும் கதைப்பம். ரெண்டாப் பிரிச்சு எண்ணினா, பிறகு ரெண்டாத்தான் இருப்பம்." நான், "நான் உங்க பக்கந்தானுங்க அக்கா" என்றேன்.

கமிட்டித் தலைவர் என் வீட்டுக்காரரின் மேனேஜர். எங்கள் கிரீன் கார்டு ஃபைல் அவர் மேஜையில் இருந்தது. இது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், நாம் அதைப் பேசியதில்லை. நீங்கள் எழுந்து, ஐந்து பேர் ஐந்து பேராக உட்கார்ந்து பேசலாமா என்று கேட்டீர்கள். தலைவர் சிரித்தார். நல்ல மனிதர்தான், சிரிப்பில் விஷமில்லை. "மேடம், ஹாலை அஞ்சு மணிக்கு வெகேட் பண்ணணும். சிம்பிளா கை தூக்கிடலாமே. போட்டி வேணுங்கிறவங்க?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் எழுந்து ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். என் வீட்டுக்காரர் என்னை இடிக்கவில்லை, முறைக்கவில்லை, பக்கத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். என் கை தானாக மேலே போனது. யாரும் பிடித்துத் தூக்கவில்லை. தலைவர் ஒவ்வொரு கையாக விரல் நீட்டி எண்ணிக்கொண்டு வந்தபோது, என் கை போதுமான உயரத்தில் இல்லை என்று பயந்து இன்னும் கொஞ்சம் தூக்கினேன். அதைத்தான் நீங்கள் பார்த்தீர்கள். பார்த்துவிட்டு உங்கள் பையைத் திறந்து எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டீர்கள்.

அடுத்த மாதமே உங்கள் குடும்பங்கள் எல்லாம் ஒரு சர்ச்சின் நிலவறையில் தனி வகுப்பு என்று பிரிந்தன. நீங்கள் வேண்டாம் என்று மன்றாடியதாகப் பிறகு கேள்விப்பட்டேன். கேட்பாரில்லை. பிள்ளைகளை விட முடியாமல் நீங்களும் போனீர்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நான் மறுபடியும் போர்டில் எழுதிப் போட்டேன்.

சாமான் பிரிக்க சிந்துஜாவின் அப்பா என் வீட்டுக்கு வந்தார். சிந்துஜாவும் வந்தாள். கார்த்திக்கும் அவன் அம்மாவும் ஏற்கெனவே இருந்தார்கள். போர்டு எங்களுக்கு, நாற்காலி பாதி பாதி, புத்தகம் அவரவருடையது. கடைசியில் மேஜைமேல் பட்டை கிடந்தது. "இது ரெண்டு பக்கத்துக்கும் சொந்தம்" என்றார் கார்த்திக்கின் அம்மா. "ஓம், ரெண்டு பக்கத்துக்கும்தான்" என்றார் சிந்துஜாவின் அப்பாவும். எல்லாரும் மரியாதையாகத்தான் பேசினோம். யாரும் அதை எடுக்கவும் இல்லை, விடவும் இல்லை. நான் சமையல்மேடையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தேன். நியாயம் செய்கிறேன் என்று நினைத்தேன் அக்கா, சத்தியமாக. மரம் உங்களுக்கே இருக்கட்டும் என்று, எனக்கு இரண்டு சதுரம் மட்டும் விட்டு, மரத்தை ஒட்டி வெட்டினேன். பெருந்தன்மை காட்டினேன்.

நீள வாக்கில் ஓடும் நூலில்தான் எல்லா மணியும் நிற்கிறது என்று எனக்கும் தெரியும். நானும்தானே கட்டினேன். வெட்டிய நொடியில் ஓரத்து மணிகள் சரசரவென்று கழன்று தரையெல்லாம் ஓடின. மரம் முதலில் போனது. பிள்ளைகள் இரண்டு பேரும் குழந்தைகள்தானே, முதலில் சிரித்துக்கொண்டே துரத்திப் பொறுக்கினார்கள். பிறகு கார்த்திக் நிமிர்ந்து பார்த்தான். தமிழில்தான் கேட்டான். "ஏன் ஆன்ட்டி வெட்டுனீங்க?" அந்தக் கேள்வியை அவ்வளவு சுத்தமாகக் கேட்கும் அளவுக்கு நீங்கள்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தீர்கள். அவன் அம்மா, "சும்மா இரு" என்றார். உங்கள் கைக்கு வந்து சேர்ந்தது இரண்டு சதுரமும், பொறுக்கிய மணிகள் போட்ட ஒரு ஜிப்லாக் பையும். என் பாதியின் ஓரத்தில் மேலும் கழலாமல் செல்லோடேப் ஒட்டினேன்.

அதன்பின் உங்களை ஒரே முறைதான் பார்த்தேன், எடிசனில் மளிகைக் கடையில், முருங்கைக்காய்க்கு முன்னால். "சுகமா இருக்கிறீரா?" என்றீர்கள். திட்டியிருந்தால் அங்கேயே அழுதிருப்பேன், எல்லாம் சரியாகியிருக்கும். நீங்கள் 'நீர்' என்றே அழைத்தீர்கள். வண்டியைத் தள்ளிக்கொண்டு போகுமுன், "எனக்கு ஒண்டும் சொல்ல வேண்டாம். பிள்ளையளுக்கு ஒருநாள் சொல்லிவிடும், அது பிழை எண்டு. இல்லாட்டி அதுதான் சரியெண்டு நினைச்சு வளருவினம்" என்றீர்கள். "கண்டிப்பா அக்கா" என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் சொல்லவில்லை. வகுப்புக்கு வருகிறவர்கள் குறைந்து, ஒரு ஜூனில் அது நின்றே போனது.

உங்களுக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டதும் மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் ஆன்சரிங் மெஷினில் உங்கள் குரல். பீப் சத்தத்துக்குப் பிறகு வைத்துவிட்டேன்.

இறுதிச் சடங்கு நடந்த ஃப்யூனரல் ஹோமில் யாரும் சொல்லாமலே நாங்கள் இடப்பக்கமும் உங்கள் மனிதர்கள் வலப்பக்கமும் உட்கார்ந்தோம். நடுவில் நீங்கள், அந்த அரக்குப் புடவையில். என் கைப்பையில் பட்டையின் பாதி இருந்தது. உங்கள் பக்கத்தில் வைத்துவிட வேண்டும் என்று எடுத்துப் போயிருந்தேன். உங்கள் வீட்டுக்காரர் முன்வரிசையில் அழுதுகொண்டிருந்தார், தன் கண்ணைத் தானே துடைத்துக்கொண்டு.

அப்போது வலப்பக்கத்திலிருந்து சிந்துஜா எழுந்தாள். அம்மாவைவிட உயரமாகிவிட்டிருந்தாள். கையில் டிஷ்யூ டப்பா, இன்னொரு கையில் தண்ணீர்க் கோப்பை. நேராக எங்கள் பக்கத்தைப் பார்த்து இரண்டு அடி வைத்தாள். அவள் என்ன செய்யப் போகிறாள் என்று அந்த ஹாலில் எனக்கும் கார்த்திக்குக்கும் மட்டும்தான் தெரியும். அவள் அம்மா சுடிதார் துப்பட்டாவைப் பிடித்து இழுத்து, "எங்க போறாய்? இரு பேசாமல்" என்றார். அவள் அப்படியே நின்றாள். என்னைத்தான் பார்த்தாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள்.

அவள் முறையை மாற்றிப் புரிந்துகொண்டிருந்தாள், அக்கா. துக்கம் அவர்கள் பக்கம். அவள் வரவேண்டியதே இல்லை. மற்றப் பக்கத்தார் நாங்கள். எழுந்து போக வேண்டியவள் நான். பத்தடி தூரம் இருக்குமா? கார்த்திக் என்னைத் திரும்பிப் பார்த்தான், ஆன்ட்டி எழுந்தால் நானும் எழுகிறேன் என்கிற மாதிரி. நான் கைப்பையின் ஜிப்பை மூடினேன்.

தலைவருக்கு எங்களுக்கு ஒரு வாரம் முன்னால் வேலை போனது. கிரீன் கார்டு ஃபைல் அந்தக் கம்பெனியோடு முடிந்தது. டெக்சஸில் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எந்தக் கைக்காக எந்தக் கையை விட்டேன் என்று யோசித்தால் சிரிப்புக்கூட வருவதில்லை. கார்த்திக் குடும்பம் சான் ஹோசே போய்விட்டது. சிந்துஜா எங்கே படிக்கிறாள் என்று தெரியாது. பிள்ளைகளுக்குச் சொல்லிவிடும் என்றீர்களே, அந்தப் பிள்ளைகள் யாரும் இப்போது பிள்ளைகளாக இல்லை.

பட்டையை ஒரு துண்டில் சுற்றி என் கைப்பையிலேயே வைத்திருக்கிறேன், பெட்டியில் போட மனமில்லை. செல்லோடேப் பழுத்துவிட்டது. நேற்றுக் கிடைத்த மணியை ஓரத்து நூலில் கோத்துப் பார்த்தேன். அது மரத்தை ஒட்டிய மணி, என் பாதியில் அதற்கு இடமில்லை. கழுவி ஒரு காகிதத்தில் மடித்து வைத்தேன். அவர் மறுபடி வந்து, "கண்ணுல என்ன, தூசியா?" என்றார். நான் இந்த முறை ஆமாம் என்று சொல்லவில்லை. துடைத்துக்கொள்ளவும் இல்லை.